கிறிஸ்துமஸ் லிஸ்டில் மூன்றாவது பெயர்

லிஸ்ட் போடாமல் எனக்குக் கை ஓடாது. மளிகைக்கு லிஸ்ட், கல்யாண மொய்க்கு லிஸ்ட், யார் வீட்டில் யாருக்குச் சர்க்கரை, யாருக்கு எண்ணெய்ப் பலகாரம் ஆகாது என்பதற்குக்கூட ஒரு லிஸ்ட். "நான் போனதுக்கப்புறம் யார் யார் வந்து அழணும்னுகூட நீ எழுதி வெச்சிருப்ப" என்று என் கணவர் கிண்டல் செய்வார். அதை மட்டும் எழுதவில்லை. எழுதியிருந்தால் ஒரு பெயரும் விட்டுப்போயிருக்காது.

சித்தூரில் துணிப்பை தைக்கும் சின்ன யூனிட் என்னுடையது. பதினோரு பெண்கள் வேலை செய்கிறார்கள். நகரிப் பக்கத்து விசைத்தறிக்காரர் ஒருவர் காடாத் துணி அனுப்புவார். நாங்கள் வெட்டித் தைத்து திருப்பதியில் இருக்கும் பிரிண்டருக்கு அனுப்பினால், அவர் கடைப் பெயரை அச்சடித்துக் கொடுப்பார். திருமலைக்குப் பிளாஸ்டிக் பை கொண்டுபோகக் கூடாது என்று ஆன பிறகுதான் எங்களுக்கு நாலு காசு வர ஆரம்பித்தது. அதனால் பெருமாள் மேல் எனக்குப் பக்தியோடு கொஞ்சம் நன்றியும் உண்டு.

முதல் சில வருடங்கள் போனஸ் என்றால் தீபாவளிதான். எல்லோருக்கும் ஒரே நாளில் பணம், ஒரு புடவை, அரைக் கிலோ ஸ்வீட். துணிக்காரருக்கும் பிரிண்டருக்கும் தலா ஒரு கிலோ. வேலை சுலபமாக முடிந்துவிடும். பிறகு எங்கள் தையல்காரப் பெண்களில் இரண்டு பேர், ஓரகத்திகள், ஒருநாள் என் மேசை முன்னால் வந்து நின்றார்கள். "மேடம், நாங்க கிறிஸ்தவங்கோ. தீபாவளிக்குக் குடுத்தா கிறிஸ்மஸ் வர்றதுக்குள்ள செலவாயிப் பூடுது. எங்களுக்கு மட்டும் டிசம்பர்ல குடுக்கிறீங்களா?" என்றார்கள். நியாயம்தானே. அன்றிலிருந்து அக்டோபரில் ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு கொடுப்பேன். பெயர் எழுதி, பக்கத்தில் தீபாவளியா கிறிஸ்துமஸா என்று எழுதித் தர வேண்டும்.

அதே ஆண்டு உற்சாகத்தில், யாரையும் பிரிக்க வேண்டாம் என்று நினைத்து, சப்ளையர், வாடிக்கைக்காரர் எல்லோருக்கும் டிசம்பரில் பிளம் கேக் அனுப்பிவிட்டேன். திருப்பதியில் எங்களிடம் பை வாங்கும் கடைக்காரர் ஒருவர் வைணவப் பெரியவர். அவர் குடும்பமே கோயில் கைங்கரியத்தில் இருக்கிறது. மறுநாள் போன் செய்தார். "மார்கழி மாசம் வேற. கேக்குல முட்டை போட்டிருப்பாளோன்னு ஆத்துல தொட மாட்டேங்கறா. நீங்க தப்பா எடுத்துக்கப்படாது" என்றார். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டியவர் அவர். அவரே என்னிடம் கெஞ்சுகிற மாதிரி பேசியதில் நான் கூனிக் குறுகிப் போனேன். அன்று முடிவு செய்தேன். யாருக்கு எது சரியோ அதைத்தான் கொடுப்பது, அதை முறையாக லிஸ்ட் போட்டுக் கொடுப்பது என்று.

அதிலிருந்து என் லிஸ்ட் வளர்ந்தது. பெரியவருக்குச் சங்கராந்திக்கு முந்திரி, திராட்சை. துணிக்காரருக்கு தீபாவளிக்கு ஸ்வீட்டுக்குப் பதில் காரம், ஏனென்றால் அவருக்குச் சர்க்கரை. பிரிண்டர் கிறிஸ்தவர், வெளிப்படையாகவே இருப்பவர், பட்டறைக் கதவிலேயே வசனம் ஒட்டியிருப்பார். அவருக்கு டிசம்பரில் கேக்கும் ஒரு சட்டைத் துணியும். ஓரகத்திகளுக்கு வெள்ளையில் மெல்லிய பார்டர் போட்ட புடவை. அதைத் தேட ஒவ்வொரு டிசம்பரிலும் திருப்பதியில் ஐந்து கடை ஏறி இறங்குவேன். வெள்ளை என்றால் துக்க வெள்ளையாக இருக்கக் கூடாது, பார்டர் பெரிதாக இருந்தால் அவர்களுக்குப் பிடிக்காது, ஜரிகை போட்டால் என் பட்ஜெட்டுக்குப் பிடிக்காது. கடைப் பையன்கள் என்னைக் கண்டாலே ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள்.

கட்டிங் அக்காவைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம், நாங்கள் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். என்னைவிட ஆறேழு வயது பெரியவர். புத்தலப்பட்டுப் பக்கத்தில் ஒரு காலனியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். நாற்பது மடிப்புத் துணியை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, கட்டிங் மெஷினால் ஒரே ஓட்டத்தில் வெட்டுவார். ஒரு நூல்கூடப் பிசகாது. அதிகம் பேச மாட்டார். கணவர் இல்லை. ஒரே மகள், நர்சிங் படித்தவள். எங்களிடம் சேர்ந்ததிலிருந்து எட்டு வருடமும் தன் சீட்டில் தீபாவளி என்றுதான் எழுதினார்.

மூன்று வருடத்துக்கு முன் நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பஸ்ஸில் திருப்பதிக்குப் போய்க்கொண்டிருந்தேன். புத்தலப்பட்டு ஸ்டாப்பில் பஸ் நின்றபோது ஜன்னல் வழியாக அவரைப் பார்த்தேன். வெள்ளைப் புடவை, தலையில் முக்காடு, கையில் எங்கள் யூனிட்டின் டேமேஜ் பை. பைக்குள்ளிருந்து கறுப்பு அட்டை போட்ட பைபிள் எட்டிப் பார்த்தது. நான் கை ஆட்டினேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். சொல்லாமல் பையை எடுத்துப்போன சங்கடம் போல, பாவம் என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான் போயிற்று.

திருப்பதி போய்ச் சேரும்வரை அதே யோசனை. எட்டு வருடமாக இந்த அம்மாள் கூச்சப்பட்டுக்கொண்டு தீபாவளி என்று எழுதியிருக்கிறார், அவருடைய பண்டிகைக்கு நாம் ஒரு கேக்குகூடக் கொடுத்ததில்லை என்று மனசு அடித்துக்கொண்டது. தீபாவளி போனஸ் கொடுத்தாகிவிட்டது. போகட்டும், கிறிஸ்துமஸுக்கும் ஒன்று கொடுப்போம், எல்லோர் முன்னாலும் கூப்பிட்டுக் கௌரவமாகக் கொடுப்போம் என்று தீர்மானித்தேன். அந்த டிசம்பரில் இரண்டுக்குப் பதில் மூன்று வெள்ளைப் புடவை வாங்கினேன். அக்காவுக்கு என்று எடுத்ததில் நீலப் பார்டர். அதற்காகக் கடைக்காரரோடு சண்டையே போட்டேன்.

இருபத்து மூன்றாம் தேதி மாலை நாலு மணிக்கு மெஷின்களை நிறுத்தச் சொன்னேன். மேசையில் மூன்று கேக், மூன்று புடவை, மூன்று கவர். லிஸ்ட்டைக் கம்ப்யூட்டரில் டைப் செய்து பிரிண்ட் எடுத்து வைத்திருந்தேன். மேலே பெரிய எழுத்தில் 'கிறிஸ்துமஸ் போனஸ்', கீழே மூன்று பெயர், எதிரே கையெழுத்துக்கு இடம். ஓரகத்திகள் இருவரும் சிரித்துக்கொண்டே வந்து வாங்கினார்கள். மூன்றாவதாக அக்காவின் பெயரைப் படித்தேன்.

அவர் கட்டிங் மேசையை விட்டு நகரவில்லை. "எனக்குத் தீபாவளிக்கே குடுத்துட்டியே மேடம்" என்றார்.

"அது தீபாவளிக்கு. இது உங்க பண்டிகைக்கு. வெட்கப்படாதீங்க அக்கா, எனக்குத் தெரியும். புத்தலப்பட்டுல பார்த்தேனே" என்றேன். மற்றவர்கள் கை தட்டினார்கள். யாரோ அவரை முதுகில் கைவைத்து மெல்ல முன்னே தள்ளினார்கள். அவர் வந்தார். பேனாவை வாங்கி ஒரு நிமிடம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு தெலுங்கில் கையெழுத்துப் போட்டார். மூவரையும் வரிசையாக நிற்க வைத்து, கையில் கேக்கைக் கொடுத்து, முன்னால் மேசையில் லிஸ்ட் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்தேன். 'எங்கள் குடும்பத்தின் கிறிஸ்துமஸ்' என்று எழுதி யூனிட் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். என் ஸ்டேட்டஸிலும் வைத்தேன். அன்று எனக்கு ரொம்பத் திருப்தியாக இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

மறுநாள் காலை கேக்கும் சட்டைத் துணியும் எடுத்துக்கொண்டு திருப்பதியில் பிரிண்டர் பட்டறைக்குப் போனேன். அறுபது தாண்டியவர். விரல் நகமெல்லாம் மையாக இருக்கும். கேக்கை வாங்கி வைத்துவிட்டு டீ வரவழைத்தார். நான் பெருமையாகப் போனை நீட்டினேன். மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுப் பார்த்தார்.

"இந்தம்மா யாரு? மூணாவது?"

"எங்க கட்டிங் அக்கா. புத்தலப்பட்டுக் காலனி."

"புள்ளைங்க?"

"ஒரு பொண்ணு. நர்சிங் முடிச்சிட்டு கவர்மென்ட் ஆஸ்பத்திரி வேலைக்கு செலக்ட் ஆகியிருக்கா. சர்டிபிகேட் வெரிஃபிகேஷன் நடக்குதாம்." இதையும் நான் பெருமையாகத்தான் சொன்னேன்.

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "மொதல்ல அத்த எடு."

"எதை?"

"போட்டோவ. ஸ்டேட்டஸ்ல கீது இல்ல, அத்த எடு மா. இப்பவே எடு."

எடுத்தேன். அதற்குள் நூற்றுக்கு மேல் பேர் பார்த்திருந்தார்கள். குரூப்பிலிருந்தும் அழித்தேன். எங்கள் பெண்களில் நாலைந்து பேர் அதை ஏற்கெனவே தங்கள் ஸ்டேட்டஸில் வைத்திருந்தார்கள், பூ, பலூன் எல்லாம் ஒட்டி.

பிறகு அவர் சொன்னார். எனக்குப் பாதி தெரிந்த விஷயம்தான். நாற்பது வருடம் இந்த ஊரில் இருந்துகொண்டு தெரியாமல் இருக்குமா. ஆனால் தெரிந்ததை நேரத்தில் நினைக்காமல் போனேன். காலனி மக்களின் எஸ்.சி. சர்டிபிகேட் அவர்கள் இந்து என்று பேப்பரில் இருக்கும்வரைதான் செல்லும். கிறிஸ்தவர் என்று எழுதிவிட்டால் அது போய், பி.சி.யில் சி என்று வேறொன்று ஆகிவிடும். வேலையில் இடம் சுருங்கிவிடும். அதனால் காலனியில் பல பேருக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்று, பேப்பரில் ஒன்று. ஊருக்கே தெரியும், யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

"நான் பேப்பர்லயும் சொல்லிட்டேன்" என்றார் பிரிண்டர். "அதால இன்னா ஆச்சுன்னு எனக்குத் தெரியும். எம் பெரிய பையனுக்கு வர வேண்டிய வேல வரல. அவன் இன்னிக்கும் எங்கூட மூஞ்சி குடுத்துப் பேசறதில்ல. போவட்டும், அது நான் எடுத்த முடிவு. அந்தம்மா சொல்லல. சொல்றதா வேணாமான்றது அந்தம்மாவோடது. நீ இன்னாத்துக்கு மா சொன்ன?"

பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்தச் சீட்டுகளை நினைத்தேன். எட்டு வருடம் ஒவ்வொரு அக்டோபரிலும் ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டி, நீ யார் என்று எழுதிக் கொடு என்று கேட்டிருக்கிறேன். அவரும் எட்டு முறை பதில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை.

இருபத்தாறாம் தேதி காலை அவர் வழக்கம்போல வந்தார். நான் அவரைப் பின்பக்கம் கூட்டிப்போய் மன்னிப்புக் கேட்டேன். அழுகைகூட வந்தது. அவர்தான் என்னைச் சமாதானப்படுத்தினார்.

"பர்வாலேது மேடம். நீ நல்லதுக்குத் தானே பண்ண."

"எனக்குத் தோணவே இல்லை அக்கா."

"உனுக்கு எப்பிடித் தோணும்" என்றார். அதில் குத்தல் இல்லை. பிறகு, "வீட்ல ஏசு படம்கூட உள் ரூம்ல தான் மாட்டிகீறேன். யார்னா வந்தா கதவு சாத்திடுவேன். பாப்பாவுக்கு ஆர்டர் கைக்கு வர்ற வரிக்கும் தான்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றார். அப்புறம் போய் மெஷினைப் போட்டார்.

ஜனவரி பிறந்தது. சங்கராந்தி வந்தது, போனது. ஒன்றும் நடக்கவில்லை. தப்பித்தோம் என்று சாமிக்குத் தேங்காய் உடைத்தேன். மூன்றாம் நாள் ரெவின்யூ ஆபீஸிலிருந்து ஒருவர் யூனிட்டுக்கு வந்தார்.

கெட்டவர் இல்லை. வெயிலில் வண்டி ஓட்டிவந்து களைத்திருந்தார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். பைலைத் திறந்து ஒரு கலர் பிரிண்ட்டை மேசையில் வைத்தார். என் போட்டோ. மூன்று பெண்கள், மூன்று கேக், முன்னால் லிஸ்ட். புகார் கொடுத்தவர் பெயர் எழுதாமல் அனுப்பியிருந்தார். செலக்ஷன் லிஸ்டில் அந்தப் பெண்ணுக்கு அடுத்து இருந்த யாராவது இருக்கலாம், காலனியிலேயே யாராவது இருக்கலாம், என் ஸ்டேட்டஸைப் பார்த்த யாராகவும் இருக்கலாம். இன்றுவரை தெரியாது.

"ஈமெ மீ தக்கரே பனி சேஸ்துந்தா?" என்று படத்தில் அக்காவைத் தொட்டுக் காட்டிக் கேட்டார். எங்களிடம்தான் வேலை செய்கிறார் என்றேன். லிஸ்ட்டின் மேல் விரலை வைத்தார். நான் எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லையே. தலைப்பு, பெயர், கையெழுத்து, எல்லாம் பளிச்சென்று தெரிந்தது.

"தப்பா டைப் பண்ணிட்டேன் சார். கேக் எல்லாருக்கும் கொடுத்தோம்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "நான் நம்பறது நம்பாதது வேற விஷயம் மேடம்" என்று தெலுங்கில் சொன்னார். "எனக்குப் பேப்பர் வேணும். நீங்க ஒண்ணு எழுதிக் கொடுங்க. அவங்க ஒண்ணு எழுதிக் கொடுக்கட்டும்."

எழுதினேன். இவர் எட்டு வருடமாக தீபாவளி போனஸ்தான் வாங்குகிறார், ஆயுதபூஜைக்கு மெஷினுக்குப் பொட்டு வைக்கிறார், என் கவனக்குறைவால் பெயர் தவறான லிஸ்டில் வந்துவிட்டது என்று. ஒரு வரிகூடப் பொய் இல்லை. மொத்தமும் பொய். அடித்துத் திருத்தியதில் இரண்டு முறை பேப்பரை மாற்ற வேண்டியிருந்தது.

பிறகு அதிகாரி அக்காவைக் கூப்பிட்டார். அன்று காலையிலேயே யாரோ அவருக்குச் சேதி சொல்லியிருக்க வேண்டும். நெற்றியில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்குக் குங்குமம் வைத்துக்கொண்டு வந்திருந்தார். அதுவரை அவர் நெற்றியில் நான் எதையும் பார்த்ததில்லை, கணவர் இல்லாததால் என்று நினைத்திருந்தேன். அதிகாரி சொல்லச் சொல்ல, தெலுங்கில் ஒவ்வொரு வார்த்தையாக எழுதினார். நான் இந்து. எனக்கும் எந்தச் சபைக்கும் சம்பந்தம் இல்லை. நான் ஞானஸ்நானம் பெறவில்லை. அந்தக் கடைசி வாக்கியத்தில் பேனா நின்றது. அதிகாரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் என் கால் கட்டை விரலைப் பார்த்தேன். மறுபடி பேனா ஓடும் சத்தம் கேட்டது.

அதிகாரி போன பிறகு அக்கா நேராகக் கட்டிங் மேசைக்குப் போனார். அன்று மாலை தையல்காரப் பெண்கள் வந்து சொன்னார்கள், கைப்பிடித் துண்டுகள் எல்லாம் நாலு அங்குலம் குட்டையாக இருக்கின்றன என்று. நாற்பது மடிப்பும் வீண். எட்டு வருடத்தில் முதல் தடவை. எடுத்து ஓரமாகப் போடுங்கள், பேசாமல் இருங்கள் என்றேன்.

அதோடு முடிந்துவிடும் என்று அதிகாரி சொல்லியிருந்தார். முடியவில்லை. ஃபைல் மண்டல ரெவின்யூ ஆபீஸிலிருந்து மேலே போயிற்று. மேலேயிருந்து ஏதோ கேள்வியோடு கீழே வந்தது. கூட செலக்ட் ஆன பெண்கள் எல்லோரும் வேலையில் சேர்ந்துவிட்டார்கள். இந்தப் பெண்ணுக்கு மட்டும் பெண்டிங். அவள் திருப்பதியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து காத்திருந்தாள். நான் சும்மா இருக்க முடியாமல் மூன்று தடவை மண்டல ஆபீஸுக்குப் போனேன். மூன்றாவது தடவை அங்கிருந்த கிளார்க் அம்மாள் என்னை வராந்தாவுக்கு அழைத்துப் போய், "மேடம், நீங்க இவ்ளோ அலையறதப் பார்த்தாதான் எங்களுக்கே டவுட் வருது. வீட்டுக்குப் போங்க" என்றாள். வந்துவிட்டேன். தப்பைச் செய்ய எனக்கு ஒரு மாலை போதுமாக இருந்தது. அதைச் சரிசெய்ய என்னால் ஆனது ஒன்றும் இல்லை என்பதோடு, நான் தொட்டால் இன்னும் கெடும் என்றும் ஆயிற்று. வீட்டில் தட்டு, டம்ளர் எல்லாவற்றின் மேலும் எரிந்து விழுந்தேன். கணவர் ஒருநாள், "உன்னால ஆகாதுன்னு ஒண்ணு இருக்குன்னு இப்பவாவது ஒத்துக்கோ" என்றார். ஒத்துக்கொள்ள முடியவில்லை.

அந்த வருடம் அக்டோபரில் நான் சீட்டு கொடுக்கவில்லை. தீபாவளிக்கு எல்லோருக்கும் கவர் கொடுத்தேன். ஓரகத்திகளுக்கு மட்டும் தனியாகக் கூப்பிட்டு, டிசம்பரில் தருகிறேன், யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றேன். அவர்கள் இருவரும் பேப்பரிலும் கிறிஸ்தவர்கள்தான், அவர்களுக்குப் பயமில்லை. ஆனால் எனக்குப் பயம் வந்துவிட்டது.

கவர் வாங்க வந்த அக்கா நகரவில்லை. "மேடம், ஒரு போட்டோ எடு" என்றார். விளக்கு ஏற்றியிருந்த சாமி படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். பட்டுப் போல் மின்னும் புடவை, தலை நிறையப் பூ, குங்குமம். "நல்லாத் தெரியுதா? ஸ்டேட்டஸ்ல போடு" என்றார். போட்டேன். 'தீபாவளி வாழ்த்துகள்' என்று கீழே எழுதச் சொன்னதும் அவர்தான்.

அவர் சபைக்குப் போவதை நிறுத்திவிட்டார் என்று ஓரகத்திகள் மூலம் தெரிந்தது. சபைப் பாஸ்டர் ஒருநாள் வீடு தேடி வந்தாராம். வாசலிலேயே நிற்க வைத்து, "ஊரு பாத்துக்கினு கீது ஐயா, போயிடுங்க" என்று சொல்லிவிட்டாராம். அந்தப் பாஸ்டர்தான் அவர் கணவர் செத்தபோது பாடை தூக்கினவர்.

டிசம்பர் வந்தது. நான் திருப்பதிக்குப் போய் வெள்ளைப் புடவை எடுக்கவில்லை. எல்லோருக்கும் புது வருடக் கிஃப்ட் என்று ஆளுக்கு ஒரு ஸ்டீல் டப்பா வாங்கினேன். தப்பில்லாத பொருள். மேலே எந்த எழுத்தும் இல்லை என்று பார்த்து வாங்கினேன். ஓரகத்திகளின் பணத்தை ஏதோ லஞ்சம் கொடுப்பதுபோல மடித்துக் கையில் வைத்தேன். அவர்களும் சிரிக்காமல் வாங்கிக்கொண்டார்கள். பிரிண்டர் போனில், "எனக்குக் கேக் வேணாம் மா. அந்தப் பொண்ணுக்கு ஆர்டர் வரட்டும், அப்பால ரெண்டா வாங்கிக்கினு வா" என்றார்.

இருபத்து நான்காம் தேதி மாலை, நாளைக்கு லீவு என்று எல்லோரும் கிளம்பினார்கள். அக்கா மட்டும் நின்றார்.

"நாளைக்கு தெறப்பியா மேடம்?"

"லீவு அக்கா."

"நான் வர்றேன். நீ ஷட்டர் மட்டும் தெறந்து வுடு."

"எதுக்கு அக்கா? வீட்டுல இருங்க."

"வீட்ல இருந்தா யார்னா வருவாங்க மேடம். வந்தா 'பண்டிகை'ன்னுவாங்க. பாப்பாவுக்கு டியூட்டி. பொட்டு வெச்சிக்கினு வீட்ல உக்காந்திருந்தாலும், பாரு இன்னிக்கு லீவு போட்டுக்கினு கீறான்னுவாங்க. வேலையில இருந்தன்னா யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது." பிறகு, "ரிஜிஸ்டர்ல எழுதிடு. டைம் போட்டு எழுது. நாளைக்கு யாரு கேட்டாலும் காட்டலாம்" என்றார்.

கிறிஸ்துமஸ் அன்று காலை ஒன்பது மணிக்கு ஷட்டரைத் திறந்தேன். தெருவில் ஆள் நடமாட்டம் குறைவு. அவர் முதல் பஸ்ஸிலேயே வந்து எதிர்க் கடைப் படியில் உட்கார்ந்திருந்தார். தினமும் உடுத்தும் பழைய புடவை. உள்ளே வந்ததும் வருகைப் பதிவேட்டைத் தானே எடுத்து என் முன்னால் வைத்தார். தேதி எழுதினேன், ஒன்பது மணி என்று எழுதினேன். மற்ற பத்துப் பெயருக்கு எதிரே லீவு. அவர் பெயருக்கு எதிரே அவர் கையெழுத்து.

அவர் துடைப்பம் எடுத்துப் பெருக்கினார். நான் ஆபீஸ் அறையில் உட்கார்ந்து பில்களை அடுக்குவதுபோல் பாவனை செய்தேன். வாழ்த்துச் சொல்லலாமா என்று ஒரு மணி நேரமாக யோசித்துக்கொண்டிருந்தேன். சொன்னால் அது மறுபடியும் நான் முந்திக்கொண்டு சொல்வது ஆகும். சொல்லாவிட்டால், அன்று அவருக்கு அதைச் சொல்ல வேறு ஆளே இல்லை. அவர் யார் என்னவென்று தெரிந்து அன்று அவர் பக்கத்தில் இருந்த ஒரே ஆள் நான், அதுவும் நான் திருடித் தெரிந்துகொண்டது.

பத்தரை மணிக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த சர்ச்சில் மைக் போட்டார்கள். முதலில் யாரோ தெலுங்கில் ஜெபம் செய்தார். பிறகு பாட்டு ஆரம்பித்தது. குழந்தைகள், பெண்கள், எல்லோரும் சேர்ந்து பாடினார்கள். எங்கள் தகரக் கூரைக்குக் கீழே அது வீட்டுக்குள் பாடுவது மாதிரியே கேட்டது. அடுத்த நொடி கட்டிங் மெஷின் ஓடும் சத்தம் வந்தது. நாற்பது மடிப்பையும் வெட்ட ஐந்து நிமிடம் போதும். மெஷின் நிற்கவே இல்லை. பத்து நிமிடம், கால் மணி நேரம்.

எழுந்து போய்ப் பார்த்தேன். அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். இரண்டு கையாலும் மெஷினை அழுத்திப் பிடித்திருந்தார். மேசை காலியாக இருந்தது. பிளேடுக்குக் கீழே துணியே இல்லை.

மூலையில் காடாத் துணி ரோல் ஒன்று சாத்தியிருந்தது. அதைத் தூக்கி வந்து, மேசை மேல் போட்டு, அவர் பக்கம் பார்க்காமல் ஒரு முனையிலிருந்து விரிக்க ஆரம்பித்தேன்.